அரக்கன் தோளில் என் தம்பியின் வலை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தம்பி மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்று ஐந்து பேர். பூமித்தாய் வந்து ஆளுக்கொரு மோதிரம் கொடுக்கிறாள், மோதிரத்தோடு ஒரு சக்தியும் வருகிறது. கடலை அழிக்க வரும் அரக்கனை ஐந்து பேரும் சேர்ந்து விரட்ட வேண்டும். என் மருமகளுக்கு நீர் வேஷம். நீலப் பாவாடை, தலையில் அலை மாதிரி வெட்டிய அட்டைக் கிரீடம். ஒரு வாரமாக வீட்டில் அந்த வசனம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அரக்கன் மேடைக்கு வந்தான். கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, முகத்தில் கரி, தோளில் வலை. மீன்குஞ்சையும் விடமாட்டேன், பவளப்பாறையையும் விடமாட்டேன் என்று உரக்கச் சிரித்தான். கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியும் தட்டினான். அப்புறம் அவன் கை நின்றுவிட்டது.

அந்த வலை அவனுடையது. நாடகத்துக்கு ஒரு பழைய வலை வேண்டுமென்று டீச்சர் கேட்டதாக மகள் வந்து சொன்னதும், வீட்டில் கிடந்த நண்டு வலைகளில் கிழிசல் குறைந்த ஒன்றாகப் பார்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பியவன் அவன்தான். எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான். மகள் மோதிரக் கையை நீட்டி அரக்கன்மேல் அலையை ஏவியபோது ஃபோனில் படமும் எடுத்தான்.

நாலு நாளாக இது என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த நாடகத்தின் மூலக்கதை என் வயதுக்காரர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். 1990இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய கேப்டன் பிளானட் கார்ட்டூன். எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கதை புரியும். பூமியின் உயிரான கையா, வெவ்வேறு கண்டங்களிலிருந்து ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மோதிரம் கொடுப்பாள். மண், நெருப்பு, காற்று, தண்ணீர். ஐந்தாவது, நம் ஐம்பூதக் கணக்கில் வரும் ஆகாயம் இல்லை. இதயம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பையனிடம் அந்த மோதிரம் இருக்கும். மற்றவர்கள் நிலத்தைப் பிளந்து நெருப்பைக் கக்கும்போது அவன் மிருகங்களோடு பேசுவான், மனிதர்களின் மனதைத் தொடுவான். விளையாடும்போது அந்த மோதிரம் எங்களில் யாருக்கும் வேண்டாம். நான் எப்போதும் காற்றைத்தான் கேட்பேன். ஆனால் இதயம் சேராமல் ஐந்து சக்தியும் ஒன்றாகாது, கேப்டன் பிளானட்டும் வரமாட்டான்.

எங்கள் பள்ளி நாடகத்தில் இதயத்தை எடுத்துவிட்டு ஆகாயத்தை வைத்துவிட்டார்கள். நம் மரபுக்குப் பொருந்தட்டும் என்று செய்திருப்பார்கள். நியாயம்தான். இன்னொன்றையும் மாற்றினார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கார்ட்டூனின் வில்லன்களில் ஒருவன் பன்றி போல இருப்பான், ஒருவன் எலி போல இருப்பான். உலகத்தை அழுக்காக்குவதே அவர்களுக்குச் சந்தோஷம். அவர்களைப் பார்த்து எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தன் அப்பா ஞாபகம் வந்திருக்காது. இங்கே அரக்கனுக்குக் கைலியும் வலையும் கொடுத்தார்கள். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த அப்பாக்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள்.

கடல் கெட்டதில் மீனவர்களுக்குப் பங்கே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மீனவர் வீட்டில் பிறந்தவள் என்பதால் அதை மறைக்க மாட்டேன். என் தம்பி வாரத்தில் மூன்று நாள் விசைப்படகில் போகிறவன். அது இழுத்துப்போகும் இழுவை மடி என்ற பை வலை கடலின் அடித்தரையோடு உரசிக்கொண்டே போகும். பாக் நீரிணையில் பல இடங்களில் பத்து மீட்டர்கூட ஆழம் இருக்காது. அந்த ஆழத்தில்தான் கடற்புல் வளர்கிறது, அதில்தான் மீன் குஞ்சு வளர்கிறது, அதைத்தான் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. மடியில் ஏறும் பொடிமீனெல்லாம் சங்காயம் என்ற பெயரில் கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாட்டுப்படகுக்காரர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தம்பிக்கும் தெரியும். அவனுடைய சொந்த வள்ளத்தில் நண்டு வலை போடும் நாளில் அவனே நாட்டுப்படகுக்காரன்தானே.

ஆனால் அந்த மடி இங்கே எப்படி வந்தது என்று எந்த நாடகமும் சொல்வதில்லை. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை கிடைக்கிறது, பாய்மரத்தை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு மாறுங்கள் என்று சொல்லி, மானியமும் கடனும் கொடுத்து இழுவைப் படகை ஊக்குவித்தது அரசாங்கம். முன்னேற்றம் என்றுதான் அன்றைக்கு அதற்குப் பெயர். எங்கள் அப்பா காலத்து ஆட்கள் அதை நம்பி ஏறினார்கள். இப்போது இறங்கச் சொல்கிறார்கள். இறங்கத்தான் வேண்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். 2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற ஒரு திட்டம் வந்தது. ஒரு படகின் விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மீதி 24 லட்சத்தைக் கைக்காசும் வங்கிக்கடனுமாகத் திரட்டிக்கொள்ள வேண்டும். படகு முதலாளிக்கே அது பெரிய தொகை. பங்குக்குக் கடலுக்குப் போகும் என் தம்பி மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? பிள்ளைக்குப் பீஸ் கட்ட வாங்கிய அட்வான்ஸ் கழியும்வரை அவன் அந்தப் படகில்தான் ஏற வேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அந்த மூன்று நாளும் எங்கள் அம்மா ஃபோனைக் கையில் வைத்தபடியே இருப்பார். இவனை எந்த மோதிரத்தால் அடிப்பது?

அந்த மூன்று நாள் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு. இரண்டு தரப்புக்கும் நடந்த எத்தனையோ சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. முழுத் தீர்வு இல்லைதான். ஆனாலும் கடலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதற்கும் ஓய்வு வேண்டும் என்று இங்கே பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு நடிக்கக் கொடுக்க வேண்டிய கதை என்றால் எனக்கு இதுதான் தோன்றுகிறது.

எங்கள் அம்மா கடற்பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்குவார்கள். மூச்சுப் பிடிக்கிற நேரம்தான் வேலை நேரம். பாறையில் விரல் கிழிந்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தபடி வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுத்த கை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அதற்குப் பிறகு அங்கே பாசி எடுக்கப் போகிறவர்கள் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் ஆனார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் போவது, மீன் இனம் பெருக்கும் காலத்தில் நிறுத்திக்கொள்வது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு இதற்காக 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. அமெரிக்கா போய் வாங்கி வந்தார். நீர் சக்தி பெற்ற நாயகி என்று ஒருத்தியை மேடையேற்ற வேண்டுமானால் எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பக்கத்தில் ஆள் இருக்கிறார். நீலப் பாவாடைகூட வேண்டாம். விரலில் துணி சுற்றினால் போதும்.

காற்று வேஷம் போட்ட பையன் இரண்டு கையையும் விரித்து "காற்றே வா" என்று கத்தினான். எந்தக் காற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். வாடை எழுந்தால் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். கச்சான் காலத்தில் அப்படியே மாறும். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் ராமேஸ்வரத்தில் சொல்வார்கள். விடியற்காலையில் வாசலில் நின்று கன்னத்தில் படும் காற்றை வைத்தே இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லிவிடுவார் எங்கள் அப்பா. என் தம்பியும் சொல்வான். என் மருமகளுக்கு இந்த நான்கு பெயரில் ஒன்றுகூடத் தெரியாது. அவள்மேல் குற்றமில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நான் உட்பட. இந்த ஊருக்கே உரிய அறிவை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, கையில் ஜிகினா மோதிரத்தைக் கொடுத்திருக்கிறோம்.

நிலத்துக்கும் இங்கே கதை உண்டு. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்று ஒரு தீவு இருந்தது. இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வருடக்கணக்காக வெட்டியெடுத்தோம், அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் தீவு கரைந்து போனது. வெட்டியவர்கள் கூலிக்கு வெட்டினார்கள், அந்தச் சுண்ணாம்பு யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது. தீ என்றால் வெயிலைச் சொல்லலாம். வாலிநோக்கம் உப்பளத்தில் கண் கூசக் கூச நிற்கும் பெண்களுக்கு அதன் சக்தி தெரியும்.

நான் கேட்பது கார்ட்டூனில் இருந்த அந்த ஐந்தாவது மோதிரத்தை, இதயத்தை. 2016இல் இருந்து பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று ஒரு சமுதாய வானொலி இருக்கிறது, மீனவர்களுக்காகவே. காற்றின் வேகம், அலையின் உயரம், கடல் உயிர்களைப் பற்றிய பேச்சு, பழைய பாட்டு. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார்கள். ஆவுளியா வலையில் மாட்டினால் விட்டுவிடுங்கள் என்று பயமுறுத்திச் சொல்வது ஒரு விதம், கடலுக்குப் போய் வந்த ஒருவர் மைக்கில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்வது இன்னொரு விதம். மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து மீனவர்கள் விடுவித்த செய்தி இந்தக் கரையில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அறுத்த வலை அறுத்ததுதான், அந்த நட்டம் அந்த வீட்டுக்குத்தான். அப்படியும் அறுக்கிறார்கள். 2022இல் ஆவுளியாவுக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. ஆனால் வலையை அறுக்க ஒரு மனசு இல்லாவிட்டால் அந்தக் காப்பகத்தின் எல்லைக்கோடு தண்ணீரில் எப்படி நிற்கும்?

திங்கட்கிழமை அந்த டீச்சரைப் பார்த்துப் பேசினேன். நல்ல மனுஷி. நாடகம் எங்கிருந்தோ ஃபோனில் வந்ததாம், அரக்கனுக்கு வேஷம் என்ன போடலாம் என்று யோசித்தபோது ஊரில் சுலபமாகக் கிடைப்பது கைலியும் வலையும்தான் என்றார். தம்பியின் வலை என்று சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த வருடம் நீங்களே எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார். எழுதுவேன். ஐந்து பிள்ளைகளும் இருப்பார்கள், மோதிரமும் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஒத்திகைக்குத் தாத்தா பாட்டிகளை வரச் சொல்லப் போகிறேன். மடியில் வந்த சங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒரு ஆளும் கதையில் இருப்பான். அவனை யாரும் விரட்ட மாட்டார்கள். இதய மோதிரம் வைத்திருக்கும் பிள்ளை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கடன் எவ்வளவு என்று கேட்கும்.

வலை நேற்றுத் திரும்பி வந்தது. மேடையில் தூவிய ஜிகினாத்தூள் கண்ணிகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போனபோது தம்பி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அப்படியே கடலில் இறக்கினால் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும் அக்கா என்றான். மருமகள் மறுமுனையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு அவளும் பிய்த்தாள். தூள் பறந்து அவள் முகத்தில் அடித்தது. "இப்ப அடிக்கிறது எந்தக் காத்துப்பா?" என்று கேட்டாள்.