அபுவின் மகனும் இரண்டு முடிவுகளும்

ஓர் இலக்கியப் படைப்பு திரைக்கு வரும்போதெல்லாம், எந்த அத்தியாயத்தை விட்டார்கள், எந்தப் பாத்திரத்தை வெட்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி சத்யஜித் ராயின் ‘அபுர் சன்சார்’ (1959) பெரிய துரோகம். வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் வந்தோபாத்யாயின் ‘அபராஜிதோ’ நாவலின் பிற்பகுதியை எடுத்துக்கொண்ட ராய், கதாநாயகன் அபுவின் இளமைத் தோழி லீலாவை அடியோடு நீக்கினார். முடிவையும் ஏறத்தாழத் தலைகீழாக்கினார். ஆனாலும், இழப்பைப் பற்றிய அந்த நாவலின் சாரத்தை இவ்வளவு நெருங்கிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

நண்பனின் உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்காகக் குல்னா பக்கம் செல்லும் அபு, மாப்பிள்ளை மனநலம் குன்றியவர் என்று தெரியவந்ததும், முகூர்த்தம் தவறினால் அந்தப் பெண்ணுக்கு வாழ்வில்லை என்ற நெருக்கடியில் தானே அபர்ணாவை மணக்க நேர்கிறது. ரயில் பாதையோரத்துக் கல்கத்தா அறைக்கு வந்து சேரும் அவள், கிழிந்த ஜன்னல் திரையின் ஓட்டை வழியே வெளியே பார்த்தபடி அழுகிறாள்; கீழே ஒரு தாயும் குழந்தையும் கண்ணில் பட, கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறாள். அதற்குப் பின் அவர்களுடைய நெருக்கத்தைச் சொல்ல ராய்க்குத் தேவைப்பட்டவை, படுக்கையில் அபு கண்டெடுக்கும் ஒரு கொண்டை ஊசியும், சிகரெட்டைக் குறைக்கச் சொல்லிப் பெட்டிக்குள் அவள் வைத்துவிட்டுப் போன துண்டுச்சீட்டும் மட்டுமே. சௌமித்ர சட்டர்ஜிக்கும், அப்போது பதின்வயதைத் தாண்டாத ஷர்மிளா தாகூருக்கும் அதுதான் முதல் படம் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

அபர்ணாவின் மரணம் திரையில் காட்டப்படுவதே இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றவள் எழுதிய கடிதத்தைத் தவணை தவணையாகப் படித்தபடி வீடு திரும்பும் அபுவை, அவளுடைய தம்பி செய்தியோடு எதிர்கொள்கிறான். அபு அவனை ஓங்கி அறைகிறான். துக்கத்தை வசனத்தில் கொட்டும் படங்களுக்குப் பழகிய நமக்கு அந்த அறை புதிது. மாறாக, மலைமேல் நின்று தன் நாவலின் கையெழுத்துத் தாள்களை அபு காற்றில் விடும் காட்சி எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. மூலத்தில் அந்த நாவல் அச்சேறி அவனுக்குப் பெயரும் வாங்கித் தருகிறது. படத்திலோ எழுத்தும் போய்விட, அபர்ணாவின் சாவுக்குக் காரணமென்று அவன் முகம் பார்க்க மறுத்த மகன் காஜல் ஒருவனே மிஞ்சுகிறான். அதனால் காட்சி மிகை என்றாலும் வீணில்லை.

நாவலின் முடிவில் அபு தன் மகனை, தான் பிறந்து வளர்ந்த நிச்சிந்திபுரத்திலேயே, சிறுவயதில் அண்டை வீட்டிலிருந்த ராணு அக்காளிடம் ஒப்படைத்துவிட்டுத் தொலைதூரம் புறப்பட்டுவிடுகிறான். அங்கே மகனுக்குக் கிடைக்கும் சொத்து அந்த ஊர்தான். அந்த மரங்களும் ஆறும் தகப்பனை வளர்த்தது போல அவனையும் வளர்க்கும் என்பது விபூதிபூஷணின் நம்பிக்கை. ராய்க்கு அந்த நம்பிக்கை போதவில்லை போலும். அவருடைய அபு திரும்பி வருகிறான், மகனிடம் கல்லடி படுகிறான், அப்பா என்று சொல்லாமல் நண்பன் என்று சொல்லி, அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறான். 1923இல் தந்தை சுகுமார் ராய் இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டு வயது. இதைக் கொண்டு படத்துக்கு விளக்கம் சொல்வது மலிவான உளவியல் என்று சிலர் சொல்லக்கூடும்; எனினும், தகப்பன் முகம் நினைவில் இல்லாத ஒருவர் இந்த முடிவைத் தேர்ந்ததை என்னால் தற்செயலாகக் கொள்ள முடியவில்லை.

அபுவைப் பற்றி ராய் எடுத்த படங்கள் எதையும் விபூதிபூஷண் பார்க்கவில்லை, 1950இலேயே காலமானார். அப்போது மூன்று வயதுச் சிறுவனாக இருந்த அவருடைய மகன் தாராதாஸ் பின்னாளில் எழுத்தாளராகி, தந்தையின் கதையைத் தொடர்ந்து ‘காஜல்’ என்ற நாவலை எழுதினார். நாவலையும் படத்தையும் அருகருகே வைத்து மதிப்பெண் போடும் நண்பர்கள், மகன் தரப்பிலிருந்து எழுதப்பட்ட அந்த மூன்றாவது நூலையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.