ஹேண்ட்ஸ்ஃப்ரீ: கை ஸ்டியரிங்கில், கவனம் எங்கே?

வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்காமல் புளூடூத்தில் (ஹேண்ட்ஸ்ஃப்ரீயாக) பேசினால் கை ஸ்டியரிங்கிலேயே இருக்கும், கவனம் சிதறாது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும், ஆய்வகத்தில் வண்டி ஓட்டுவது போன்ற பணியைக் கொடுத்துச் சோதித்தபோது, போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிட்டது ஏறக்குறைய இரு மடங்கானது. கையில் பிடித்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயானாலும் வித்தியாசமே இல்லை. ரேடியோ கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை என்பதையும் கவனிக்கணும். பதில் யோசிப்பதுதான் கவனத்தைத் தின்கிறது. கண் சாலையைப் பார்த்தபடியே இருந்தாலும் மனதில் பதியாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். கீழே, 0 குறிக்கு நேராக நீங்கள் விரல்களை விரித்து வைத்து, ஸ்கேல் விழுந்ததும் பிடியுங்கள். 20 செ.மீ.-இல் பிடித்தால், நீங்கள் பிடிக்க எடுத்த நேரம் சுமார் 0.20 விநாடி. அமைதியாகப் பத்து முறை, பிறகு 100-லிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லியபடியே பத்து முறை செய்து, இரண்டு சராசரியையும் ஒப்பிடுங்கள்; மனம் வேறு வேலையில் இருக்கும்போது கை எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கலாம்.