அவர் பேசாத மொழியில் எழுதிய அறிக்கை

நடவு சீசனில் மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். நாற்று நடுகிற வரிசையில் மேற்கு வங்கத்து ஆட்கள் இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் அவர்களுக்கு ஒரே பெயர், ‘இந்திக்காரப் பசங்க’. தாய்மொழி வங்காளம். இந்தி பலருக்கு அரைகுறை. டீக்கடையில் அப்படிக் கூப்பிடுவதால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. கோர்ட்டுக்குப் போகிற மனநல அறிக்கையில் அதே தப்பு நுழைந்தால் ஓர் ஆளின் வருடங்களே போய்விடும்.

நான் மருத்துவ உளவியலாளர். வழக்கில் சிக்கியவர் விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா, சம்பவத்தின்போது என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்ததா என்று பார்த்து எழுதித் தருவதும் என் வேலையில் ஒரு பகுதி. சில வருடங்களுக்கு முன்னால் ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தங்கியிருந்த இடத்தில் ராத்திரி சண்டை, இன்னொருவருக்கு மண்டையில் பலத்த அடி. கைதானதிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடவில்லை, வாய் திறக்கவில்லை. வேறோர் இடத்தில் எழுதிய அறிக்கை ஒன்றும் கூடவே வந்தது. அதில் இரண்டு வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: “மூளை கெட்டுவிட்டதாகத் தானே கூறுகிறார். குரல்கள் கேட்பதை ஒப்புக்கொள்கிறார்.”

மொழிபெயர்த்தது யார் என்று விசாரித்தேன். ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி. அடிபட்டவர் அந்த மேஸ்திரிக்குச் சொந்தக்காரர்.

எனக்கு வங்காளம் தெரியாது. தெரிந்தவர் தெரிந்தவராகக் கேட்டு, ரயில்வேயில் இருந்த கணவரோடு கரக்பூரிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒரு வங்காளி அக்காவைக் கண்டுபிடித்தேன். உள்ளே போகும் முன் அரை மணி நேரம் அவரோடு பேசினேன். அந்தப் பையன் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், சுருக்க வேண்டாம், புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், பாவம் என்று நீங்களாக ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். அக்கா கடைசி நிபந்தனைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார்.

அந்தப் பையன் முதலில் சொன்ன வார்த்தையே ‘மொன் காராப்’. அக்கா உடனே என்னைப் பார்த்து, “மனசு சரியில்லைங்கிறான்மா, வீட்டு நெனப்பு” என்றார். மொன் என்றால் மனசு. நாம் ‘மனசே சரியில்ல’ என்கிறோமே, அதுதான். புத்தி பேதலிப்பதற்கு அவர்கள் சொல்வது ‘மாத்தா காராப்’. இந்த மொன் காராப்தான் இந்தியில் திமாக் கராப் ஆகி, தமிழில் மூளை கெட்டுப்போச்சு ஆகி, கடைசியில் அறிக்கையில் நோயாக உட்கார்ந்திருக்கிறது. குரல் விஷயமும் அப்படியே. இந்தியில் ‘ஆவாஜ்’ என்றால் குரலும் அதுதான், சத்தமும் அதுதான். ராத்திரியில் ஆவாஜ் கேட்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் படுத்தது மோட்டார் கொட்டகையில். கேட்கும் என்று சொல்லியிருக்கிறார்.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சித்த சுவாதீனம் இல்லாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு 367ஆம் பிரிவு. சித்தம் நன்றாக இருந்தும் நடப்பதைப் புரியவைக்க முடியாதவருக்கு 357 என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் இவை 328, 318. கோர்ட்டில் மொழிபெயர்ப்பவர் உள்ளது உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்று புதிய சட்டத்தின் 317ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் உட்காரும் அறையில் மட்டும் மேஸ்திரி போதும் என்று விட்டுவிட்டால் எப்படி?

சரி, தமிழ் பேசுகிறவருக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடைமடைக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், எழுபதைத் தாண்டிய விவசாயக் கூலி. சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வைத்ததைப் பற்றி வழக்கு. நினைவு தடுமாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, 1975ல் அமெரிக்காவில் உருவானது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். “மேட்டூர் தொறந்து பத்து நாள் ஆவுதும்மா, தண்ணி இன்னும் எங்க ஊருக்கு வந்து சேரல” என்றார். அந்த வருஷம் அணை சரியாக ஜூன் 12ல் திறந்திருந்தது. அன்றைக்கு ஜூன் 22. தாளில் இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். விழித்தார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, “ஒரு வேலி நெலத்துல ஏழு மா நட்டாச்சு, மிச்சம் எவ்வளவுங்கய்யா?” என்றேன். “பதிமூணு மா.” மறுபடி ஏழு? “ஆறு மா.” யோசிக்கவே இல்லை. வேலிக்கு இருபது மா என்பது அவர் உடம்பிலேயே இருக்கிற கணக்கு.

அவரிடம் இன்னொன்றும் பார்த்தேன். ராத்திரி நல்லா தூங்குறீங்களாய்யா என்றால் ஆமாங்கம்மா. தூக்கமே வரலையாய்யா என்றாலும் ஆமாங்கம்மா. மிராசுதார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று பழகிய தலைமுறை அது. மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு இருப்பவரிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை. அந்த ஆமாங்கம்மாவை ஒப்புதல் என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்! நாற்காலியை அவர் பக்கமாகப் போட்டு, டீ வரவழைத்து, ஊர்க்கதை பேசி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் ‘இல்லம்மா’ வந்தது.

நாங்கள் நம்பியிருக்கும் கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுத்தே தேவையில்லாத அறிவுத்திறன் சோதனை என்று பெயர் பெற்றது பாட்டியா சோதனை. 1955ல் வந்தது. அளவுகோல் எடுத்தது உத்தரப் பிரதேசத்தில், 11 முதல் 16 வயதுப் பையன்களிடம். அதை வைத்துத் திருவாரூர் மாவட்டத்து நாற்பது வயதுப் பெண்ணுக்கு எண் போட்டால் அந்த எண் எதைச் சொல்கிறது? வேறு வழியில்லாமல் பயன்படுத்தினால் அதையும் அறிக்கையில் எழுத வேண்டும். நான் எழுதுகிறேன். படிக்கிற நீதிபதிக்குத் தெரிய வேண்டாமா?

இப்படிப் பேசினால் குற்றவாளியைத் தப்பவிடுகிறாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. ‘அவங்க ஊர்ல அப்படித்தான்’ என்று நிஜமான நோயைத் தாண்டிப் போவதையும் பார்த்திருக்கிறேன், அதுவும் இதே அளவு தப்பு. சாமி வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் உடுக்கைச் சத்தத்தில் வந்து திருநீறு போட்டதும் மலையேறினால் அது வழிபாடு. அடுப்படியில் தனியாக இருக்கும்போது வந்து, பத்து நாள் தூங்கவிடாமல், வீட்டாரே பயந்துபோய் மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் குணசீலம் கோயிலுக்கு அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் அந்த வீட்டுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. நாம் அவர்களைக் கேட்க வேண்டும். 2013ல் வந்த டிஎஸ்எம்-5ல், அதாவது மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில், பதினாறு கேள்விகள் கொண்ட கலாசார நேர்காணல் இருக்கிறது. இந்தப் பிரச்சினையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று. அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மசாங் லாலுங் என்ற அஸ்ஸாம்காரரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1951ல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். வழக்கே நடக்காமல் 2005ல்தான் வெளியே வந்தார். 54 வருடம். ‘நிலை சரியில்லை’ என்று ஒரு காகிதம் எழுதுவது அந்த ஆளுக்கு உதவிதானே என்று நினைக்கிற நண்பர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்வேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த மொழியில் பேசினோம், யார் மொழிபெயர்த்தார், அவருக்கு வழக்கில் சம்பந்தம் உண்டா என்று ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் இருக்கட்டும். மாவட்டத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வேண்டும். வங்காளம், ஒடியா மட்டுமல்ல, கும்பகோணத்து சௌராஷ்டிரமும் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் அதில் வேண்டும். அப்புறம், வருகிறவருக்குச் சம்பளம் வேண்டும்.

அந்தப் பையனுக்கு நோய் இல்லை, விசாரணையைப் புரிந்துகொள்வார், ஆனால் வங்காள மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவின் ஆட்டோ காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. “அடுத்த வாய்தா என்னைக்கும்மா? அன்னைக்கு அவன்கூட நிக்க யாரு இருக்கா?” என்று கேட்டு, காலண்டரில் தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.