காலையில் காலில், மாலையில் கையில்

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து பனிச்சறுக்குக்குப் போனோம் என்று படம் போடுகிறோமே, அதில் பாதி பொய். சேர்ந்து போகிறோம், சேர்ந்து திரும்புகிறோம். நடுவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பூட்ஸை மாட்டி, ஹெல்மெட்டைப் பூட்டி முடித்த கொஞ்ச நேரத்திலேயே கூட்டம் கலைந்துவிடும். தேர்ந்தவர்கள் கறுப்பு அடையாளம் போட்ட செங்குத்துச் சரிவைத் தேடி, கம்பியில் தொங்கியபடி மலையேறும் நாற்காலி லிஃப்டில் ஏறிவிடுவார்கள். சுமாராகத் தெரிந்தவர்கள் நடு மலையில். நான் அடிவாரத்தில், என் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில்.

அந்த வரிசையில் முதலில் காதில் விழும் பாடமே 'பீட்சா'தான். சறுக்குப் பலகை இரண்டின் முன்முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி வைத்தால் ஒரு பீட்சாத் துண்டின் வடிவம் வரும். பலகைகளின் உள்விளிம்பு பனியைக் கடிக்க, வேகம் குறையும். பலகைகளை இணையாக வைத்தால் 'ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்'. அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளுக்குப் புரிவதற்காக வந்த பேச்சு, பெரியவர்களையும் விடவில்லை. நான் சரிவில் பிடி நழுவி இறங்கும்போதெல்லாம் பயிற்சியாளர் கீழே நின்று "பீட்சா! பீட்சா!" என்று கத்துவார். முன்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நான் குப்புற விழுந்ததுதான் மிச்சம்.

பீட்சாப் போட்டே இறங்குகிறவனுக்குத்தான் தொடை அதிகமாக வலிக்கும் என்பது கறுப்புச் சரிவுக்காரர்களுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பும்போது அழுத்தி, அடுத்த நொடி தளர்த்தி இறங்குவார்கள். எங்களுக்கு அந்தத் தளர்வே கிடையாது. உச்சியிலிருந்து அடிவரை தொடைத்தசை இறுகியே இருக்கும். சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது யார் பக்கவாட்டில் இறங்குகிறார்கள் என்று பாருங்கள், அவர்தான் அன்றைக்கு நாள் முழுக்கப் பீட்சாப் போட்டவர்.

இதனால்தான் சொல்கிறேன்: பனிச்சறுக்குப் பயணத்தில் நண்பர்கள் உண்மையில் சந்தித்துக்கொள்ளும் இடம் இரவுப் பீட்சா மட்டும்தான். மதியம் மலைமேல் இருக்கும் உணவகத்தில் கூடலாம் என்று ஒவ்வொரு தடவையும் யாராவது திட்டம் போடுவார்கள். கூடவே முடியாது. ஒருவர் வரும்போது இன்னொருவர் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருப்பார். அப்படியே கூடினாலும், கல் மாதிரிப் பூட்ஸோடு தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி நடப்பது பனியில் சறுக்குவதைவிடக் கஷ்டம். வயிறு நிறையச் சீஸை ஏற்றிக்கொண்டு மறுபடி சரிவில் நிற்பது என்னால் ஆகாது. மதியத்துக்கு ஒரு சூப் போதும்.

இரவு, வாடகைக்கு எடுத்த வீட்டில், ஈரச் சாக்ஸ் எல்லாம் ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருக்கும்போது வருகிற பீட்சாவே வேறு. ருசியால் அல்ல. ருசி என்று பார்த்தால் அது தோற்றுப்போன பீட்சா. மெல்லிசான, பரந்த பண்டம் என்பதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மூடிய அட்டைப்பெட்டிக்குள் அதன் ஆவியே அதை நனைத்து அடிப்பாகத்தைத் தொளதொளவென்று ஆக்கியிருக்கும். நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் 480 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில், 60 முதல் 90 நொடிக்குள் எடுக்கிற பீட்சாவை நினைத்துக்கொண்டு இதைக் கடிக்கக் கூடாது. அந்தக் கைத்தொழிலை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் சாப்பிட்டதை எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள்.

ஆறிப்போனதைச் சூடாக்க மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், ரொட்டி ரப்பராகிவிடும். வெறும் வாணலியைச் சிறுதீயில் வைத்து, துண்டை வைத்து, ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடுங்கள். அடி மொறுமொறுக்கும், மேலே சீஸ் இளகும்.

எங்களில் ஒருவன், கடைப் பீட்சா எதற்கு, நானே செய்கிறேன் என்று மாவு பிசைந்தான். நாங்கள் தங்கியிருந்தது சுமார் 2,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் ஈஸ்ட் விடும் வாயு மாவைச் சீக்கிரம் ஊதிவிடும். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மாவு பாத்திரத்தை விட்டு எட்டிப் பார்த்தது. அடுப்புச் சூடாவதற்குள் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது. ஈஸ்டைக் குறைத்து, மலைக்காற்று வறட்சி என்பதால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டியிருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டான். அதையும் தின்று தீர்த்தோம். பசி அப்படி.

ஆளுக்கொரு சின்னப் பீட்சா வாங்குவதை மட்டும் நான் கடுமையாக எதிர்ப்பேன். கணக்கும் என் பக்கம்தான். 12 அங்குலப் பீட்சா இரண்டு சேர்ந்தாலே சுமார் 226 சதுர அங்குலம்தான். 18 அங்குலம் ஒன்றே 254. அதைவிட முக்கியம், தனித்தனிப் பெட்டி வந்தால் தனித்தனி மூலைக்குப் போய் போனைப் பார்ப்பார்கள். நாள் முழுக்கப் பிரிந்து கிடந்தது போதாதா? ஒரே பெரிய பெட்டி நடுவில் இருந்தால் எல்லோரும் குனிந்தே ஆக வேண்டும். அன்னாசி வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொள்ளட்டும், அதுவும் பேச்சுதானே. அன்னாசியைப் பீட்சாமேல் போட்டதே குளிர் நாடான கனடாவில், 1962இல், சாம் பானோபூலஸ் என்பவர்தான் என்பார்கள் என்று நான் சொன்னதும் சண்டை இன்னும் பெரிதானது. அன்றைக்கு யார் எங்கே விழுந்தார்கள், யார் வழி தவறினார்கள் என்று எல்லாக் கதையும் அந்தப் பெட்டிமேல்தான் வெளியே வந்தது. ஒருவன் மூடுபனியில் தனியாக நின்று பயந்ததைக்கூட அப்போதுதான் சொன்னான்.

மிஞ்சிய இரண்டு துண்டை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தோம். கடைசி நாள் காலை, எங்களில் மிகத் தேர்ந்தவன் "இன்னிக்கு உன்கூட வர்றேன்டா" என்று கறுப்புச் சரிவை விட்டுவிட்டு என்னோடு லிஃப்டில் உட்கார்ந்தான். ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தான். கால்கள் அந்தரத்தில் ஆட, கையுறையைக் கழற்றி ஆளுக்கொன்று கடித்தோம். பலகை மாதிரி விறைத்திருந்தது. சுவைத்து முடிப்பதற்குள் இறங்கும் மேடை வந்துவிட்டது. அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னமோ கத்தினான். பீட்சாப் போடு என்கிறானா, பீட்சாவைப் போடு என்கிறானா என்று புரிவதற்குள் விழுந்துவிட்டேன். கையில் இருந்த துண்டு கீழே விழவில்லை.