1,202 வெற்றியும் டியூக்கில் வந்தது இல்லை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கி பற்றி ஒருவர் சொல்லியிருப்பது: "1,202 வெற்றியும் டியூக்கில்தான், வந்த நாளிலிருந்தே வெற்றி மேல் வெற்றி, கல்லூரிக் கூடைப்பந்தில் அவரை மிஞ்ச ஆளே இல்லை." 1,202 என்ற எண் சரி. மற்றதெல்லாம் இடிக்கிறது.

அதில் 73 வெற்றி வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணியோடு, 1975 முதல் 1980 வரை வந்தவை. அவர் படித்ததும் அங்கேதான். டியூக் கணக்கு 1,129.

"வந்த நாளிலிருந்தே" என்பதுதான் பெரிய தவறு. டியூக்கில் முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி! மூன்றாவது பருவம் முடிந்தது வர்ஜீனியாவிடம் 109-66 என்று வாங்கிய அடியோடு. அவரை அனுப்பிவிடுங்கள் என்று ரசிகர்களே கேட்டார்கள். நிர்வாகம் பொறுத்தது, அவ்வளவுதான். முதல் தேசியப் பட்டம் 1991-இல், அதாவது பதினோராவது பருவத்தில். அப்புறம் 1992, 2001, 2010, 2015. இன்று அந்த நிலையில் எந்தப் பயிற்சியாளருக்கு நான்காவது வருடம் கிடைக்கும்?

அவரை மிஞ்சியவர்களும் உண்டு. 1,202 என்பது ஆண்கள் அணிகளின் முதல் பிரிவில், அதாவது கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டத்தில், சாதனை. பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களையும் சேர்த்தால், ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீர் 2024 ஜனவரியில் அதைத் தாண்டினார். அதே ஆண்டு நவம்பரில் கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியம்மா அவரையும் தாண்டிவிட்டார்.