ஐந்து மாதக் குழந்தைக்குக் கணக்குத் தெரியுமா?

‘ஐந்து மாதக் குழந்தைகள் கூட்டல், கழித்தல் செய்வதாக அறிவியல் நிரூபித்துவிட்டது, இப்போதே எண் அட்டைகளைக் காட்டிப் பழக்குங்கள்’ என்று பரவும் செய்தி தவறானது.

1992-இல் உளவியலாளர் கேரன் வின் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்ட, ஐந்து மாதக் குழந்தைகள் பற்றிய ஆய்வில், ஒரு பொம்மை திரைக்குப் பின் மறைக்கப்பட்டு, குழந்தை பார்க்கும்போதே இன்னொன்றும் அங்கே வைக்கப்பட்டது. திரை விலகியபோது ஒரே பொம்மை இருந்தால், இரண்டு இருந்ததைவிட நீண்ட நேரம் குழந்தைகள் அதைப் பார்த்தன. எதிர்பாராததைக் குழந்தைகள் நீண்ட நேரம் பார்க்கும் என்பதே இந்த ஆய்வின் அடிப்படை. அளக்கப்பட்டது பார்வை நேரம் மட்டுமே. குழந்தை எதையும் எண்ணிச் சொல்லவில்லை. வின் இதைக் கணக்கிடும் திறன் என்றே கருதினார். ஆனால், மறைந்த பொருள்களை நினைவில் தொடர்வதே இதற்குப் போதும் என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். அந்த விவாதம் முக்கியமானது.

பெரிய எண்ணிக்கைகளில் குழந்தையின் உணர்வு தோராயமானது. ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தினாலும், 8-ஐயும் 12-ஐயும் வேறுபடுத்தவில்லை என்று உளவியலாளர்கள் ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-இல் காட்டினர். இந்த உணர்வு பயிற்சியின்றியே அமைவது. எண்ணுப்பெயர்களின் பொருளோ பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில்தான் படிப்படியாகப் பிடிபடுகிறது. எனவே, ஐந்து மாதக் குழந்தைக்கு எண் அட்டை காட்டும்படி இந்த ஆய்வுகள் எதுவும் கூறவில்லை.