குறுக்குவில்லும் தொண்ணூறு மீட்டரும்: ஒரு திருத்தம்

குறுக்குவில் (கிராஸ்போ) என்பது விசையை இழுத்து அம்பு எய்யும் வில். "குறுக்குவில்லில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருக்கிறது, துப்பாக்கி மாதிரிதான், 90 மீட்டரில் மானைச் சாய்க்கலாம், பயிற்சியே தேவையில்லை" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பு நொடிக்கு 107 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் 90 மீட்டரைக் கடக்க முக்கால் நொடிக்கு மேல் ஆகும். நாண் அதிரும் சத்தம் கால் நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்ச அரை நொடியில் அது குனிந்து பாயத் தொடங்கியிருக்கும். அதோடு அம்பு மூன்று மீட்டருக்கு மேல் கீழிறங்கும். 30 மீட்டரில் இந்த இறக்கம் 40 செ.மீ. அளவுதான். தூரத்தை ஐந்து மீட்டர் தப்பாக மதித்தால் எங்கே தவறு பெரிதாகும் என்று சொல்லவே வேண்டாம்.

அம்பு ரத்தப்போக்கால்தான் கொல்கிறது. நெஞ்சுக்கூட்டில் சாப்பாட்டுத் தட்டளவே உள்ள இலக்குக்கு வெளியே அம்பு பட்டால் அந்த உயிர் நாள்கணக்கில் புதருக்குள் துடிக்கும். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் பொறுப்பானவர்கள் வேட்டை முனை (வெட்டும் அலகுள்ள முனை) மாட்டிய அம்பிலேயே பழகுவார்கள். அன்றைய முதல் அம்பே அந்தத் தட்டுக்குள் விழுகிற தூரம்தான் அவர்களுக்கு எல்லை. பலருக்கு அது 30, 40 மீட்டரைத் தாண்டாது.

அப்புறம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துத் தம்பிகளே, இங்கே எந்தத் தூரத்திலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வில்லா துப்பாக்கியா என்பது பேச்சே இல்லை. பன்றி கேழ்வரகை அழித்தால் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.